நல்ல காலுக்குப் போட்ட கட்டு

1986-ம் வருஷம், வெளிநாட்டுப் போட்டிக்கு விமானம் ஏற இன்னும் சில நாட்களே இருந்தபோது, தங்கபாயின் இடது முழங்காலில் கட்டுப் போட்டார்கள். அந்தக் காலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட அந்தக் காலை ஊன்றி எம்பித்தான் அவள் உயரம் தாண்டுதலில் ஒரு மீட்டர் எழுபதைத் தாண்டியிருந்தாள். கம்புக்கும் அவள் முதுகுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிச்சமிருந்தது.

பயிற்சி முகாம் வடக்கே, பாஷை தெரியாத ஊரில் நடந்தது. ஒரு காலையில் அணியிலிருந்த பெண்கள் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, கன்னத்தின் உள்பக்கம் சின்னக் குச்சியால் சுரண்டி எடுத்தார்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிற பெண்கள் எல்லாருக்கும் உள்ள டெஸ்ட் என்றார்கள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. குச்சி பட்டுக் கூசியதால் சிரித்தார்கள். தங்கபாயும் சிரித்தாள்.

பிறகு ஒரு மத்தியானம், கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றவளை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அணியின் மேனேஜர் மெட்ராஸ்காரர். அறையில் அவரும், தமிழ் தெரியாத ஒரு டாக்டரும், வீராங்கனைகளுக்குக் கால் நீவிவிடுகிற ஆளும் இருந்தார்கள்.

“உட்காரும்மா. உன் டெஸ்ட் சரியா வரல.”

“எந்த டெஸ்ட் சார்?”

“கன்னத்துல எடுத்தாங்கல்ல, அது.” மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “பொம்பளைதானான்னு பாக்கற டெஸ்ட். இல்லன்னு வந்திருக்கு.”

தங்கபாய் சிரித்துவிட்டாள். மற்ற மூன்று பேரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள்.

“சார், நான் தங்கபாய்” என்றாள். வேறு யாருக்கோ வந்தது தனக்கு மாறி வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள்.

“தெரியும்மா. ரெண்டு தடவை பாத்தாச்சு. வெளிய தெரிஞ்சா உனக்கு அசிங்கம், உன் குடும்பத்துக்கு அசிங்கம். பயிற்சியில முழங்கால் பிசகிடுச்சுன்னு பேப்பருக்குச் சொல்லிட்டோம். நீ ஊருக்குப் போயிடு. இனிமே எந்தப் போட்டிக்கும் வரவேணாம்.” பிறகு கேட்டார். “எந்தக் கால ஊன்றி எம்புவ?”

“இடது” என்றாள். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய் அது. அவள் மனசுக்கும் அந்தப் பதிலுக்கும் சம்பந்தம் இல்லை.

கால் நீவிவிடுகிறவர் கீழே உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார். சுற்றுக்குச் சுற்று பிசிறில்லாமல், நிஜமாக அடிபட்ட காலுக்குக் கட்டுவதுபோலவே கட்டினார். ஒரு தடவைகூட நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கபாய் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. யாரும் அதை வாங்கி வைக்கவில்லை.

அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. ராஜபாளையத்தில் அவள் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. அப்பா சத்தியநேசன் நூல்மில்லில் வேலை பார்த்து, பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோனார். அம்மா அன்னத்தாய் அதே மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் நின்று தங்கபாயையும் தம்பி ராபர்ட்டையும் வளர்த்தாள். தங்கபாய் ஐந்தரை அடியைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனாள். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கயிற்றைக் குறுக்கே பிடித்தபோது, பாவாடையைச் சொருகிக்கொண்டு, நின்றிருந்த பிள்ளைகளின் தோள் உயரத்துக்கு அவள் தாண்டியதைப் பார்த்து பி.டி. டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்தார்.

முதுகைக் கம்புக்குக் காட்டித் தாண்டும் முறை அப்போதுதான் பரவியிருந்தது. அதற்கு விழுகிற இடத்தில் மெத்தை வேண்டும். அந்த ஊரில் மெத்தைக்கு எங்கே போவது? மில் சூப்பர்வைசர் கழிவுப் பஞ்சு கொடுத்தார். ராபர்ட்டும் அவளும் மீன் வலைக்குள் அதைத் திணித்துத் தைத்து, பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில் போட்டார்கள். அவள் விழும்போதெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். பின்வரிசைப் பெண்கள் ஜெபத்துக்கு நடுவே அதை எடுத்துப்போடுவார்கள்.

மாநிலத்தில் முதலாவதாக வந்தாள். இரண்டு வருஷத்தில் தேசியப் போட்டியில் தங்கம். மில்லில் டைம் ஆபீஸில் வேலை கொடுத்து, கேட்டுக்குள் நுழைந்ததும் தெரிகிற மாதிரி அவள் தாண்டுகிற போட்டோவைப் பெரிதாக்கி மாட்டினார்கள். ஷிப்டுக்கு உள்ளே போகிற பெண்கள் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். காற்றில் படுத்திருக்கிறாள் என்பார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் மற்ற பெண்களைப்போல இல்லை. அவள் வயசுக்கு வரவில்லை. பதினாறு முடிந்தும் வராதபோது அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். அன்னத்தாய் ஒரு நாள் மகளைக் கூப்பிட்டு, “வந்திட்டுன்னு சொல்லு. சிலவளுக்குப் பிந்தி வரும். அதுவரைக்கும் ஊர் வாயி சும்மா இருக்காது” என்றாள். ஸ்பீக்கர் கட்டி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, சடங்கும் செய்தாள். விளையாடுகிற பிள்ளைகளுக்குத் தள்ளித்தான் வரும் என்று மைதானத்தில் யாரோ சொன்னதைத் தங்கபாய் நம்பினாள். போட்டி நாட்களில் மற்றப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும்போது, தனக்கு அந்தத் தொல்லை இல்லையே என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இது எல்லாம் அந்த நீண்ட ரயில் பயணத்தில் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. ரயில் கக்கூஸுக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அங்கிருந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். அது அவள் முகமாகத்தான் இருந்தது. மதுரையில் இறங்கி செங்கோட்டை ரயில் ஏறும்போது, கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு ஊரில் போய் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். உள்ளது என்றால் என்ன என்று யோசித்தபோது சொல்ல வார்த்தை இல்லை. விருதுநகர் தாண்டியது. சிவகாசி தாண்டியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ஜன்னலுக்கு வெளியே கூட்டம் நின்றது. பேப்பரில் முந்தின நாளே வந்துவிட்டது. முழங்கால் காயத்தால் தங்கபாய் விலகல். மில் தொழிலாளர்கள் சிலர் ராஜபாளையத்திலிருந்து இங்கேயே வந்து ஏறினார்கள். ஒருவர் ஜன்னல் வழியாகவே மாலையைப் போட்டார். “காலு போனா என்னம்மா, நீ எங்க பிள்ள” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இன்னொருவர் அவள் கால் மேல் யாரும் மோதிவிடாமல் குறுக்கே நின்றுகொண்டு வந்தார்.

ராஜபாளையத்தில் இறங்க எழுந்தபோது, எந்தக் காலை இழுத்து நடக்க வேண்டும் என்பது ஒரு நொடி அவளுக்கு மறந்துபோனது. குனிந்து கட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பிளாட்பாரத்தில் காத்திருந்த ராபர்ட், அவள் இரண்டாவது அடி வைப்பதற்குள் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டான். அவனுக்குப் பத்தொன்பது வயது. “நொண்டாதக்கா, நான் தூக்குதேன்” என்றான்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அன்னத்தாய் கதவைச் சாத்தினாள். எண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்து மகளின் காலடியில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். முழங்காலைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள்.

“எங்கட்டி வீக்கம்?”

“இல்லம்மா.”

“வீக்கம் இல்லாம எதுக்குக் கட்டு?”

தங்கபாய் சொன்னாள். மேனேஜர் சொன்னதை அவர் சொன்ன மெட்ராஸ் பேச்சிலேயே அப்படியே திருப்பிச் சொன்னாள். அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்வாள், எந்தப் பாவி சொன்னான் என்று கத்துவாள், நாளைக்கே ரயிலேறிப் போய்க் கேட்போம் என்பாள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்னத்தாய் குனிந்தாள். தரையில் கிடந்த துணியை எடுத்து மெதுவாகச் சுருட்டினாள். சுருட்டி முடித்து, மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தாள்.

“என்னம்மா பண்ணுத?”

“அசைக்காத.”

“அம்மா, உனக்குத் தெரியுமா?”

அன்னத்தாயின் கை நின்றது. பிறகு மறுபடியும் சுற்றியது.

“சடங்கு முடிஞ்ச மறுவருசம் உன்னய வில்லிபுத்தூர்ல ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன்லா. ரத்தம் இல்லன்னு டானிக்கு எழுதிக் குடுத்தாவன்னு சொன்னேன்.”

“ஆமா.”

“உன்னய வெளிய இருக்கச் சொல்லிட்டு எங்கிட்ட சொன்னாவ. உனக்குக் கர்ப்பப்பையே இல்லையாம். பொறப்புலயே இல்லையாம்.”

தங்கபாய்க்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அம்மா வெளியே வந்து, “வா போவோம்” என்றாள். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். மைதானத்துக்கு நேரமாகிவிடுமே என்பதுதான் அன்றைக்கு அவளுக்கு இருந்த ஒரே கவலை.

“இம்புட்டு வருசமா என்கிட்ட சொல்லலியேம்மா.”

“சொன்னா நீ குதிச்சிருப்பியா?” என்றாள் அன்னத்தாய். “மொதப் பொய்ய நாந்தான் சொன்னேன். இப்ப அவிய ஒரு பொய்யச் சொல்லிக் குடுத்திருக்காவ. அதையே புடிச்சுக்கிடுவோம். காலு நொண்டின்னா பொண்ணு கேட்டு எவனும் வரமாட்டான். ஏன் கல்யாணம் ஆகலன்னு எவளும் கேக்கமாட்டா. ராபர்ட்டுக்கும் தெரிய வேண்டாம்.”

அம்மா போட்ட கட்டு முகாமில் போட்டதைவிட இறுக்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு தங்கபாய் நொண்டினாள். கட்டை எடுத்த பிறகும் நொண்டினாள். முதல் சில மாதங்கள் அதை யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. படியேறும்போது மறந்துபோய் நேராக ஏறிவிட்டு, பாதியில் நின்று திரும்பிப் பார்ப்பாள். பிறகு யோசிக்காமலே வந்தது. மில்லில் அவளுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலையாக மாற்றிக் கொடுத்தார்கள். கேட்டிலிருந்த போட்டோவுக்குக் கீழே நடந்து போகும்போது தலையைக் குனிந்துகொள்வாள். அன்னத்தாய் சொன்னது பலித்தது. பெண் கேட்டு யாரும் வரவில்லை. பாவம், காலு மட்டும் நல்லா இருந்திருந்தா என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அன்னத்தாயின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். தங்கபாய்க்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்காது.

வீட்டில் தனியாக இருக்கும்போது சில நாட்கள் அவள் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கேட்பாள். நான் யார்? பைபிளில் தேடினாள். ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்கிற இடத்தோடு மூடிவைத்துவிட்டாள்.

1992-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுப் பெண்கள் எல்லாரும் செண்பகத்தோப்புக்குப் போனார்கள். மலையடிவாரத்தில் ஓடைத் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தங்கபாய் தனியாகக் கொஞ்சம் மேலே நடந்தாள். ஒரு வளைவில் மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே சாய்ந்து, இடுப்பு உயரத்தில் கிடந்தது. அக்கம்பக்கம் யாரும் இல்லை.

செருப்பைக் கழற்றினாள். சேலையைச் சொருகினாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு நொண்டாமல் பின்னால் நடந்துபோய் நின்றாள். உடம்புக்குள் பழைய தாளம் தானாக எழுந்தது. வளைந்து ஓடிவந்து இடது காலை ஊன்றினாள்.

கால் எழவில்லை. இடுப்பில் ஏதோ பிடித்து இழுத்தது. மரத்தில் மார்பு மோதிக் கீழே விழுந்தாள். எழுந்து மறுபடியும் முயன்றாள். இடது காலை முழுசாக நீட்டி ஊன்றவே முடியவில்லை. நேராக நடந்து பார்த்தாள். நொண்டக் கூடாது என்று மனசால் பிடித்து நிறுத்தி நடந்தாள். அப்படியும் நொண்டியது.

அந்த மண்ணில் அவள் உட்கார்ந்துவிட்டாள். இல்லாத ஊனத்தை நடித்து நடித்து, அது வந்து சேர்ந்துவிட்டது.

ராபர்ட் அவளை மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். பழைய காயம் திரும்பிவிட்டது என்று நினைத்தான். பார்த்தவர் பரிபூரணம் என்கிற பெண் டாக்டர். நரைத்த தலை, அதட்டாத குரல். படமெடுத்துப் பார்த்துவிட்டு, ராபர்ட்டை வெளியே இருக்கச் சொன்னார்.

“முழங்கால்ல எந்தக் காலத்துலயும் அடிபட்ட மாதிரி தெரியலயேம்மா. இடுப்புத் தசைதான் சுருங்கிக் கிடக்கு. எத்தனை வருஷமா இப்படி நடக்கறீங்க? ஏன்?”

அம்மாவைத் தவிர வேறொருவரிடம் தங்கபாய் அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். இன்னும் சில பரிசோதனைகள் செய்தார்கள். அடுத்த முறை போனபோது, டாக்டர் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

“உங்க உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்கிற அடையாளம், சாதாரணமா ஆம்பளைக்கு இருக்கிறது. ஆனா ஆம்பளை உடம்பு ஆகறதுக்கு ஒரு சுரப்பு வேலை செய்யணும். உங்க உடம்பு அது சொல்றதைக் கேக்கவே இல்ல. கருவுல இருக்கும்போதே கேக்கல. அதனால பொண்ணாப் பொறந்தீங்க, பொண்ணா வளர்ந்தீங்க. கர்ப்பப்பை மட்டும் உண்டாகல. வயித்துக்குள்ள ரெண்டு சுரப்பி இருக்கு. அதை விட்டுவச்சா பின்னால கட்டியா மாறலாம். எடுத்துடறது நல்லது.”

“அப்ப நான் என்ன டாக்டர்?”

“பொம்பளைதான். உங்களை மாதிரி பொம்பளைங்க இருக்காங்க. நானே சிலரைப் பாத்திருக்கேன்.”

தங்கபாய் தன் இடது காலைப் பார்த்தாள்.

“அந்தச் சுரப்புனாலதான் நான் அம்புட்டு உயரம் தாண்டினேனா?”

“அதைத்தான் உங்க உடம்பு கேக்கவே இல்லன்னு சொல்றேனே. அதனால உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. கூடத் தாண்டின பொண்ணுங்களுக்காவது அதுல கொஞ்சம் பலம் கிடைச்சிருக்கும்.” டாக்டர் கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் கன்னத்துல எடுக்கற டெஸ்ட் இருக்கே, அந்த அடையாளத்தை மட்டும்தான் பாக்கும், அது சரியில்லன்னு ரொம்ப நாளா டாக்டர்கள் எழுதிட்டிருந்தாங்க. ஓட்டம், தாண்டுதல் போட்டியில இப்ப அதை எல்லாருக்கும் எடுக்கறத நிறுத்திட்டாங்க.”

“எப்ப?”

“இப்பத்தான்.”

தங்கபாய் 1986-லிருந்து விரல்விட்டு எண்ணினாள். முகாமில் மேனேஜர் அறையில் தன்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்று இருந்திருக்கலாம். ஒரு குற்றமும் இல்லாமல், சரியில்லாத ஒரு குச்சியை வைத்து, அவளைக் கம்பிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். வெளியே வந்து ராபர்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்து ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து நின்றான். பஸ் ஸ்டாண்டு வரை அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சுரப்பியை எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். இடுப்புக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் அவளால் கிட்டத்தட்ட நேராக நடக்க முடிந்தது. ஆனால் வீட்டுக்குள் மட்டும்தான். ராபர்ட்டுக்கு வ. புதுப்பட்டியில் பெண் பேசியிருந்தார்கள்.

“கல்யாணம் முடியட்டும்க்கா. பொறவு நேரா நட” என்றான். “காலு எப்படி சரியாச்சுன்னு அவிய கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

அன்னத்தாய் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். திரும்பப் போய் அடுப்பைப் பார்த்தாள். தம்பியின் கல்யாணத்தில் தங்கபாய் இடது காலை இழுத்து இழுத்து எல்லாரையும் வரவேற்றாள். மணப்பெண் ஏசம்மாள் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். கல்யாணம் முடிந்த பிறகும், ஏசம்மாள் வந்த வீட்டுக்குள்கூட, அவள் நொண்டித்தான் நடந்தாள்.

1995-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தடகளப் போட்டி நடந்தது. பரிசு கொடுக்கத் தங்கபாயைக் கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து எல்லாரும் போனார்கள். மைதானத்திலிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் தெரியும். மேடையில் ஏறியபோது அங்கே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அவள் நின்றுவிட்டாள். அந்த மேனேஜர். இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறாராம். தலைமை விருந்தினர்.

அவர் எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எப்படிம்மா இருக்க? முழங்கால் இப்ப பரவாயில்லையா?”

கேலி செய்கிறாரோ என்று அவர் கண்ணைப் பார்த்தாள். கேலி இல்லை. நிஜமான கவலையோடுதான் கேட்டார். மைக்கைப் பிடித்துப் பேசும்போதும் சொன்னார். “இந்தப் பொண்ணோட முழங்கால் மட்டும் அன்னைக்குப் பிசகலன்னா, நமக்கு ஒரு பதக்கம் வந்திருக்கும். அன்னைக்கு நான் அழுதேன்.” பேசும்போது குரல் உடைந்தது. ஒன்பது வருஷம் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அவர் அதை நம்பிவிட்டிருந்தார். அவளுக்குச் செய்ததை அவர் மறந்தேபோயிருந்தார்.

தங்கபாயைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்து நேராக நடந்தாள். முன்வரிசையில் அன்னத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“என் முழங்காலுக்கு ஒண்ணும் ஆகல” என்றாள் மைக்கில். “கட்டுப் போடச் சொன்னது இந்த சார்தான். எனக்கு ஒரு டெஸ்ட் எடுத்து, நான் பொம்பளை இல்லன்னு சொல்லி, நல்ல காலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. எனக்குக் கர்ப்பப்பை இல்ல. பொறப்புலயே இல்ல. ஆனா நான் பொம்பளைதான், டாக்டர் பாத்துச் சொல்லியிருக்காங்க. அந்த டெஸ்டே சரியில்லன்னு இப்ப நிறுத்திட்டாங்க. நான் ஏமாத்தித் தாண்டல. அம்புட்டுதான்.”

மைதானத்தில் யாரும் அசையவில்லை. நூறு மீட்டருக்கு நிறுத்தியிருந்த பிள்ளைகள்கூடக் கோட்டில் நின்றபடியே மேடையைப் பார்த்தார்கள். மேனேஜர் அவளை ஏதோ புதுச் செய்தி கேட்பவர்போல வெறித்துப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் அந்த மத்தியானம் திரும்பி வருவது தெரிந்தது. நாற்காலியின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

விழா முடிந்து மேனேஜர் தன் கார் பக்கத்தில் அவளைப் பார்த்தபோது மெல்லச் சொன்னார். “உன் நல்லதுக்குன்னு நினைச்சுதான்மா.”

“எது நல்லதுன்னு நீங்க என்கிட்ட கேக்கல சார்” என்றாள்.

ராஜபாளையத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் ராபர்ட் தலையைக் கையில் தாங்கியபடி வந்தான். அவன் மனைவி ஏசம்மாள்தான் பேசினாள். “இதுக்கா மதினி இம்புட்டு வருசம் நொண்டுனீக?” என்றாள். அதிர்ச்சி அவள் குரலிலும் இருந்தது. ஆனால் அவள் அதிர்ந்தது நொண்டியதற்காக.

ஊர் எல்லாவிதமாகவும் பேசியது. டீக்கடையில் சிலர் அவள் போகும்போது சிரித்தார்கள். பேப்பரில் ஒரு வரிகூட வரவில்லை. ஒரு காலை மில் கேட்டில் அவள் போட்டோவைக் காணோம். யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. தங்கபாய் வேலைக்குப் போனாள். நேராக நடந்துதான் போனாள். அன்னத்தாய் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினாள். மகளோடு பேசுவதும் குறைந்தது. சோறு போடுவாள், அம்புட்டுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அன்னத்தாயோடு ஒரே வரிசையில் பல வருஷம் வைண்டிங்கில் நின்ற சுடலைமாடத்தி வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். செத்த நேரம் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அன்னத்தாயிடம் கேட்டாள்.

“மதினி, எம் மூத்தவளுக்குப் பதினெட்டு முடியப் போகுது. இன்னும் வயசுக்கு வரல. அவ அப்பனுக்குக்கூடத் தெரியாது. வந்திட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்.” அவள் கண் நிறைந்தது. “உம் மக போன ஆஸ்பத்திரி எதுன்னு சொல்லு.”

அன்னத்தாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து தன் ஒருத்திக்குத்தான் இப்படி என்று நினைத்திருந்தவள் அவள். தெருவுக்கு அந்தப் பக்கம், தன் பக்கத்து மிஷினில் நின்ற ஒருத்தி, அதே பொய்யை வயிற்றில் கட்டிக்கொண்டு இத்தனை நாள் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

உள்ளேயிருந்து தங்கபாய் வந்து நின்றாள்.

“எந்தக் கிழம டாக்டரம்மா இருப்பாவ?” என்று அன்னத்தாய் அவளிடம் கேட்டாள். அந்த மைதானத்துக்குப் பிறகு அவள் மகளிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

“புதன்கிழம. நான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்மா.”

“நீ மட்டும் போனா அந்தப் பிள்ள பயந்துக்கிடும்” என்றாள் அன்னத்தாய். எழுந்து, சுடலைமாடத்தி குடித்து வைத்த செம்பை எடுத்துக்கொண்டாள். “நானும் வாரேன்.”